குளிரில் ஏ.சி. எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். வண்டிகளின் ஏ.சி.யைப் பழுது பார்ப்பது என் தொழில். வெயில் ஏறினால் பட்டறையில் நிற்க இடம் இருக்காது. குளிர்காலம் வந்தால் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். அந்த மாதங்களில் ஏ.சி. பொத்தானை யாரும் தொடுவதே இல்லை என்பதுதான் என் நெடுநாள் குறை. அதைச் சொல்ல வானொலியே இன்று இடம் கொடுத்திருக்கிறது.

"குளிரிலும் ஏ.சி. போடுங்கள்" என்றால் எதிரில் நிற்பவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. பொத்தானில் பனிப்பூவின் படத்தை வரைந்தவரைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தண்ணீர்ச் சொட்டை வரைந்திருந்தால் எனக்கு இந்த உரைக்கே வேலை இருந்திருக்காது.

ஏ.சி. பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். 1902-இல் வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக அதை வடிவமைத்தார். அங்கே காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரிந்தது, பிறகு சுருங்கியது. வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. காற்றின் ஈரத்தை அடக்க வேண்டும் என்பதே அவருக்கு வந்த வேலை.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். குளிர்காலக் காலை, உள்ளே நான்கு பேர், நான்கு பேரும் மூச்சு விடுகிறார்கள், போதாததற்கு நனைந்த காலணிகள். 20 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். பூஜ்ய டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. வெதுவெதுப்பான உள்காற்று சில்லிட்ட கண்ணாடியைத் தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை அங்கேயே இறக்கிவைக்கிறது. அதுதான் உங்கள் பார்வையை மறைக்கும் பனிப்படலம். கையால் துடைத்தால் விரல் எண்ணெயும் சேர்ந்து ஒட்டும். எதிரே விளக்கு வரும்போது கண் கூசும்.

ஹீட்டரை மட்டும் வைத்தால் போதாதா என்பீர்கள். போதும், மெதுவாக. ஏ.சி.யையும் சேர்த்து வையுங்கள், வித்தியாசம் தெரியும். பெரும்பாலான கார்களில் காற்று முதலில் கூலிங் காயில் வழியாகப் போகும், அதன் பிறகே ஹீட்டருக்குள் நுழையும். காயிலில் ஈரம் தண்ணீராக இறங்கிவிடும். மிஞ்சிய உலர்ந்த காற்று சூடாகி வெளியே வரும். துணியைப் பிழிந்துவிட்டு வெயிலில் காயப்போடுவது போல. ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றோடு ஒன்று சண்டை போடாது. முன்கண்ணாடிப் பனியை நீக்கும் பொத்தானை அழுத்தினால் பல வண்டிகளில் ஏ.சி. தானாகவே ஓடத் தொடங்கும்.

உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். விட்ட மூச்சையே திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் ஈரம் போவதற்கு வழி ஏது? கண்ணாடி தெளிந்ததும் அவசரப்பட்டு ஏ.சி.யை நிறுத்தவும் வேண்டாம். காயிலில் தங்கிய ஈரத்தை ப்ளோயர் அப்படியே கண்ணாடிமேல் ஊதிவிடும். சில நொடிகளில் மறுபடியும் ஒன்றும் தெரியாது.

இனி என் பட்டறைக் கதை. ஒருவர் குளிர் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்தினார், வெயில் வந்த பிறகுதான் மறுபடி தொட்டார். சூடான காற்று வந்தது. ஏ.சி.யைக் குளிரவைக்கும் கேஸ் இல்லை. கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரில், கசிவைத் தடுக்கும் சீல் காய்ந்து, அந்த வழியே கசிந்து போயிருந்தது. பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸருக்கான எண்ணெய் கேஸோடு கலந்துதான் சுற்றுகிறது. ஓடினால்தான் அது சீலை நனைக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அதற்குச் செலவாகும் எரிபொருளைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கம்ப்ரஸரின் விலையையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு சங்கதி. வெளியே உறைநிலையை ஒட்டிக் குளிர்ந்தால் பல வண்டிகளில் கம்ப்ரஸர் ஓடாது. காயிலில் பனிக்கட்டி பிடிக்காமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பொத்தானில் விளக்கு எரியும், அதை நம்ப வேண்டாம். அத்தகைய நாளில் வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. அதையே உள்ளே இழுத்துச் சூடாக்கினால் கண்ணாடி தெளிந்துவிடும். கம்ப்ரஸரை ஓட்டுவதற்குக் கொஞ்சம் இதமான ஒரு நாள் வரட்டும்.

நான் சொன்னதைக் கேட்டு ஏ.சி. போடுகிறவர்கள் சிலர் மறுநாளே பதற்றத்தோடு வருவார்கள், வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று. தொட்டுப் பாருங்கள். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாத வெறும் தண்ணீர் என்றால், அது உங்கள் கண்ணாடியில் படிந்திருக்க வேண்டிய ஈரம். நிறத்தோடு வழுவழுப்பாக, இனிப்பு வாசனையும் அடித்தால் அது கூலன்ட், எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் திரவம். அப்போது மட்டும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். வணக்கம்.