நான்காவது பூட்டு

நடுவர் அவர்களுக்கும், அவையோருக்கும், எதிரணியினருக்கும் வணக்கம். நேரம் குறைவு என்பதால் வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன்.

கிறிஸ்தவ ஆலயக் கட்டடம் வழிபாட்டுக்கு மட்டுமே உரியது என்பது எதிரணியின் கட்சி. வழிபாடு இல்லாத நேரங்களில் அது சுற்றியிருப்பவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பது எங்கள் கட்சி. இதை ஒழுங்காக வாதாடிவிட்டு இறங்கலாம் என்றுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய நண்பர், "இவர்களை விட்டால் நாளைக்கே மணிக்கூண்டில் டு-லெட் போர்டு தொங்கும்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். என் அணியிலேயே ஒருவர் கைதட்டியதையும் நான் பார்த்தேன். ஆகவே அந்தப் போர்டை இறக்காமல் நான் மேடையைவிட்டு இறங்குவதாக இல்லை.

அதற்கு முன்னால் ஒரு பூட்டுக் கதையைச் சொல்ல அனுமதி வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலயம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் ஊர்தான் என்று சொல்லிவிடுவேன். நானூறு பேர் அமரலாம். பக்கத்தில் ஒரு கூடம், அதில் அறுபது நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருக்கும். வீட்டில் படிக்க இடமில்லாத பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் மாலையில் இரண்டு மணி நேரம் அங்கே உட்கார்ந்து படிக்க அனுமதி கேட்கலாம் என்று சிலர் பேசி முடிவுசெய்தோம். தூது போகும் வேலை என் தலையில் விழுந்தது. கூடத்தின் கதவில் மூன்று பூட்டுகள். ஒரு சாவி குருவானவரிடம், ஒரு சாவி செயலரிடம், ஒரு சாவி பொருளாளரிடம். இது ஒருவரை ஒருவர் நம்பாததால் வந்த ஏற்பாடு அல்ல, மூவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்னும் உயர்ந்த நோக்கத்தால் வந்தது என்று எனக்கு விளக்கப்பட்டது. விளக்கியவர் மூவரில் ஒருவர். மற்ற இருவரும் அப்போது அங்கே இல்லை.

திங்கட்கிழமை குருவானவரைப் பார்த்தேன். "எனக்கு முழுச் சம்மதம், செயலரைப் பாருங்கள்" என்றார். செவ்வாய்க்கிழமை செயலர், "பொருளாளர் சரியென்றால் எனக்கும் சரி" என்றார். புதன்கிழமை பொருளாளர், "மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று குருவானவரிடம் கேட்டீர்களா?" என்றார். வியாழக்கிழமை குருவானவர் வெளியூர் போயிருந்தார். வெள்ளிக்கிழமை செயலர் தம் சாவிக்கொத்தை எடுத்துக் கொட்டினார். அதில் இருபது சாவிகள் இருந்தன, கூடத்தின் சாவி எது என்பது மட்டும் அவருக்கு நினைவில்லை. சனிக்கிழமை பொருளாளர், "எதற்கும் கூட்டத்தில் வைத்துவிடுவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள், மூன்று பூட்டுகளையும் திறந்தார்கள், உள்ளே அமர்ந்து கூட்டம் நடத்தினார்கள். ஒருமனதாக ஒரு தீர்மானமும் நிறைவேறியது. வெளியாட்கள் கூடத்தைக் கேட்கத் தொடங்கிவிட்டதால், பாதுகாப்பைக் கருதி நான்காவது பூட்டு ஒன்று வாங்குவது என்று.

சிரிக்கிறீர்கள். அந்தப் பூட்டை வாங்கிவரச் சொன்னதும் என்னிடம்தான்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது என்பதால் சுருக்கமாக மறுபடியும் சொல்கிறேன். பூட்டு மூன்று, சாவி மூன்று, உள்ளே இருந்த சொத்து அறுபது நாற்காலிகள். அவற்றில் பதினொன்றுக்குக் கால் கிடையாது. பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்றால், ஆலய வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து வெளிவிளக்கின் வெளிச்சத்தில் படித்தார்கள். அந்த விளக்கு விடிய விடிய எரிந்தது. அதன் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று மட்டும் எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. வாரத்துக்கு 168 மணி நேரம். ஆராதனை, ஜெபக்கூட்டம், பாடகர் குழுவின் பயிற்சி எல்லாவற்றுக்கும் தாராளமாக எட்டு மணி நேரம் ஒதுக்கினாலும், மீதி 160 மணி நேரம் அந்தக் கட்டடம் தனக்குத்தானே காவல் காத்துக்கொண்டிருந்தது.

இனி டு-லெட் போர்டுக்கு வருகிறேன். நண்பர் வாடகை என்ற சொல்லை ஏதோ தீண்டக்கூடாத சொல் போல உச்சரித்தார். வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புத்தகத்தின் கடைசி அதிகாரத்தின் கடைசி வசனங்களை அவர் வீட்டுக்குப் போய்ப் புரட்டிப் பார்க்கட்டும். ரோமாபுரியில் அப்போஸ்தலரான பவுல் வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் முழுவதும் தங்கி, தன்னிடம் வந்த எல்லோரையும் ஏற்றுக்கொண்டு போதித்தார் என்றுதான் அந்தப் புத்தகம் முடிகிறது. அந்த வீட்டுக்காரர் நம் நண்பரைப் போல வாடகைக்கு விடுவது இழிவு என்று நினைத்திருந்தால் பவுல் எங்கே போயிருப்பார்? அதற்கும் முன்னால் எபேசு நகரில் அவர் நாள்தோறும் பேசியது திறன்னு என்பவருடைய வித்தியாசாலையில். அதுவும் இரண்டு ஆண்டுகள். பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் சபைக்கு இடம் கொடுத்தது. சபை திரும்ப நாலு பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கட்டும் என்று கேட்டால் எதிரணிக்குப் போர்டு கண்ணில் தெரிகிறது.

சிரியாவில் யூப்ரடீஸ் கரையிலுள்ள தூரா யூரோப்போஸில் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் ஆலயத்தை அகழாய்வில் கண்டார்கள். அது ஆலயமாகக் கட்டப்பட்டதே அல்ல. ஒரு சாதாரண வீடு. இரண்டு அறைகளுக்கு நடுவே இருந்த சுவரை இடித்துக் கூடமாக்கியிருந்தார்கள். கூடுவதற்கு இடம் போதவில்லை என்று அவர்கள் சுவரை இடித்தார்கள், நாம் இடம் மிஞ்சியிருக்கிறது என்று பூட்டு வாங்குகிறோம்.

வேதத்திலேயே இரண்டு போர்டுகள் இருக்கின்றன, நடுவர் அவர்களே. லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கர்ப்பவதியாக வந்த பெண்ணுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு போர்டு. அதே சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தில், விருந்துக்கு ஏழைகளையும் ஊனரையும் குருடரையும் அழைத்துவந்து உட்காரவைத்த பிறகும் இன்னும் இடம் இருக்கிறது என்று வேலைக்காரன் சொல்கிறானே, அது இன்னொரு போர்டு. மணிக்கூண்டில் எதைத் தொங்கவிடலாம் என்று எதிரணியே தேர்ந்தெடுக்கட்டும்; ஏணி நான் பிடிக்கிறேன்.

எருசலேம் ஆலயத்தில் நாணயம் மாற்றக் கடை போட்டிருந்த காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்து, என் வீடு ஜெபவீடு என்று இயேசு சொன்னதையும் நண்பர் உருக்கமாக எடுத்துச் சொன்னார். அது மத்தேயு 21-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம். அவர் அதோடு புத்தகத்தை மூடிவிட்டார். 14-ஆம் வசனத்தில், அதே ஆலயத்தில், குருடரும் சப்பாணிகளும் அவரிடம் வந்தார்கள், அவர் அவர்களைக் குணமாக்கினார் என்றிருக்கிறது. கடைகளை அப்புறப்படுத்திய இடம் காலியாகக் கிடக்கவில்லை. உதவி தேவைப்பட்டவர்கள் அதில் வந்து நின்றார்கள்.

பலிபீடத்தின்மேல் கை வைக்கச் சொல்கிறோம் என்று யாரும் அஞ்சவேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1210-ஆம் விதியே, புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் உரியவற்றை மட்டும் அனுமதிக்கச் சொல்லிவிட்டு, இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத பிற பயன்பாட்டுக்கு அந்தந்த வேளையில் ஆயர் அனுமதி தரலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நாங்கள் கேட்பது பக்கத்துக் கூடத்தையும், ஞாயிறு பள்ளி அறைகளையும், நகர்த்தக்கூடிய நாற்காலிகள் போட்ட பின்பகுதியையும்தான். யார் எந்த நேரத்தில் வருவது என்பதற்கு ஓர் அட்டவணை, பிள்ளைகள் இருக்கும்போது பெரியவர்கள் குறைந்தது இருவர், பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும் பொறுப்பு, கட்டக்கூடியவர்களிடம் செலவுக்கு மட்டும் தொகை என்று ஒரு தாளில் எழுதிவிடக்கூடிய காரியம் இது. கட்டடம் தேய்ந்துவிடும் என்கிறார்கள். அடைத்துவைத்த கட்டடத்தில்தான் ஈரம் ஊறுவதையும் கூரை ஒழுகுவதையும் கவனிக்க ஆளில்லாமல் போகிறது.

கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவைச் சொல்வேன் என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பீர்கள், சொல்லிவிட்டு நகர்கிறேன். அங்கிருந்த புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையும் ஆயர் இல்லத்தையும் விண்வெளி ஆய்வுக்குக் கேட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் அந்த மக்களும் கொடுத்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் ஏறியது. அவர்கள் ஆலயத்தையே கொடுத்தார்கள், நாங்கள் கேட்பது மாலையில் இரண்டு மணி நேரம். ராக்கெட் விடமாட்டோம் என்று எழுதியும் தருகிறோம்.

நடுவர் முதல் மணியை அடித்துவிட்டார். நான்காவது பூட்டு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் போனால் என்னால் இன்றிரவு தூங்க முடியாது.

பூட்டை வாங்கிக்கொண்டு ஒரு பிற்பகலில் போனேன். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான கோயில்பிள்ளை மட்டும் இருந்தார். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் என்னை ஆலயத்தின் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே ஒரு சிறிய கதவு. அதன் தாழ்ப்பாள் உடைந்து பல வருடமாயிற்று என்பது மூவரில் யாருக்கும் தெரியாது. மெல்லத் திறந்து காட்டினார். நானூறு பேருக்கான இருட்டில், கடைசி பெஞ்சில், ஓர் அம்மாள் தனியாக உட்கார்ந்திருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டுக் கோயில்பிள்ளை சொன்னார்: "மகன் போய் ஒரு வருடம் ஆகிறது. அந்த வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எல்லோரும் பார்ப்பார்கள். அழுவதற்கு இடமில்லை ஐயா, அதனால் இங்கே வருகிறார்."

அதுவும் ஜெபம்தானே, அது எங்கள் கட்சிக்குச் சாதகம்தானே என்று எதிரணி எழுந்து சொல்லலாம். எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் எந்த அணி என்று நான் கேட்கவில்லை.

கோயில்பிள்ளை பூட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. எங்கே வைத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. சாவியை மட்டும் என் கையில் வைத்து மூடினார். இதோ, அந்தச் சாவி. இதை உங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறேன், நடுவர் அவர்களே. வணக்கம்.