பெரிய முதலாளி லண்டன்ல, கோபம் பக்கத்துக் கடையில

வணக்கம் நேயர்களே. நாடு பொருளாதாரத்துல முன்னேறிட்டா இனச்சண்டை தானா அடங்கிடும்னு நிறைய பேரு நம்புறாங்க, நானும் அப்படி நம்புனவன்தான், ஆனா எங்க மலேசியாவ எடுத்துப் பாத்தா அது அவ்ளோ லேசு இல்லங்க.

1957ல சுதந்திரம் வந்துச்சு. ரப்பரும் ஈயமும் வித்த காசுல ரோடு, பள்ளிக்கூடம்னு நாடு வளந்துக்கிட்டுதான் இருந்துச்சு. அப்பறமும் 1969 மே 13ல கோலாலம்பூர் தெருவுல மலாய்க்காரங்களுக்கும் சீனர்களுக்கும் வெட்டுக்குத்து, அரசாங்கக் கணக்குப்படியே 196 பேரு செத்தாங்க. கம்பத்துல, அதாவது கிராமத்துல இருந்து பட்டணம் வந்த மலாய்ப் பையன் கண்ணுல பட்டது சீனர் கடைதான். ஆனா 1970 கணக்கப் பாருங்க, கம்பெனிப் பங்குல மலாய்க்காரங்களுக்கு 2.4 சதவீதம், சீனர்களுக்கு 27, வெளிநாட்டுக்காரங்களுக்கு 63! பெரிய முதலாளி லண்டன்ல உக்காந்திருக்கான், அடி வாங்குனது பக்கத்துக் கடைக்காரர்.

1971ல புதிய பொருளாதாரக் கொள்கை வந்துச்சு. 20 வருஷத்துல பூமிபுத்ராக்களுக்கு, அதாவது மலாய்க்காரங்களுக்கும் மத்த பூர்வகுடிகளுக்கும், கம்பெனிகள்ல 30 சதவீதப் பங்குன்னு இலக்கு. நியாயமா சொல்லணும்னா வறுமை நல்லாவே கொறஞ்சுது, அந்த அளவு கலவரம் மறுபடி வரல. ஆனா இனத்த வெச்சு கணக்குப் போட்டதுல ரப்பர் தோட்டத்துத் தமிழன் எந்தக் கட்டத்துலயும் அடங்கல. இந்தியர் பங்கு 1970ல 1.1 சதவீதம், 1990லயும் அதே 1தான்.

எங்க பாட்டி விடியக்காலம் நாலரைக்கெல்லாம் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்துல பேர் கூப்பிடுற வரிசைக்கு நின்னு, பால்மரம் வெட்டப் போனவங்க, ரப்பர் மரத்தக் கீறி பால் எடுக்குற வேலை, அங்கயே பொறந்தவங்க, ஆனா பொறப்புப் பத்திரம் இல்லாததால கடைசி வரைக்கும் குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற சிவப்பு அடையாள அட்டைதான். 69க்கு அப்பறம் குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம்னு வந்தப்ப பல்லாயிரம் பேரு கப்பலேறி இந்தியா போனாங்க. இருந்தவங்களுக்கும் தோட்டம் துண்டாடி வித்தப்ப வேலையோட லயத்து வீடும் (தொழிலாளிங்களுக்குத் தோட்டம் குடுத்த வரிசை வீடு) கோயிலும் சேந்தே போச்சு, பக்கத்துல வீடமைப்புத் திட்டம் வளருது, அது வளர்ச்சிக் கணக்குல ஏறுது, லயத்துல இருந்தவங்க பட்டணத்து ஓரத்துப் பலகை வீட்டுக்குப் போயிட்டாங்க.

2007 நவம்பர் 25ல அவங்க பிள்ளைங்கதான் உரிமை கேட்டு ஆயிரக்கணக்குல கோலாலம்பூர்ல தெருவுக்கு வந்தாங்க. காந்தி படத்தத் தூக்கிக்கிட்டு வந்தவங்க மேல கண்ணீர்ப் புகை அடிச்சாங்க. எங்க மாமாவும் அந்தக் கூட்டத்துல நின்னாரு, பால்மரம் வெட்டுன கத்தி இன்னும் அவரு வீட்டு எரவாணத்துல சொருகித்தான் இருக்கு.