கார் பழசு, ஆட்டம் தாங்கவில்லை: செலவு செய்யலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். 1984-ல் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தபோது பட்டறைக்கு வந்ததெல்லாம் அம்பாசிடரும் ஃபியட்டும்தான். மாருதி 800 அதற்கு முந்தின டிசம்பரில்தான் வெளியே வந்திருந்தது. எங்கள் பக்கம் கண்ணில் படக் கொஞ்ச காலம் ஆனது. அன்றைக்கு அம்பாசிடர்காரர் கேட்டதைத்தான் இன்றைக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். "அண்ணே, வண்டியை வித்தாலே 70,000-க்குத்தான் போகும். சஸ்பென்ஷனுக்குப் போய் 18,000 போடணுமா?"

சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருந்து குலுக்கலைத் தாங்குகிற ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேர்ந்தது. இந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. வண்டியை விற்கப் போகிறவருக்கு அது சரியான கணக்கு. நீங்கள் இன்னும் நாலைந்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், அந்த வருடங்களுக்குத்தான் 18,000-ஐ வகுத்துப் பார்க்க வேண்டும். வேறு கார் வாங்க 5 லட்சம் கடன் எடுத்து 5 வருடம் கட்டினால் மாதம் 10,000-க்கு மேல் தவணை வரும். நீங்கள் மலைக்கிற தொகை இரண்டு மாதத் தவணைகூட இல்லை. காசுக் கணக்கு இவ்வளவுதான். அதைவிடப் பெரிய விஷயம், எது தேய்ந்திருக்கிறது, அது எதில் மாட்டியிருக்கிறது என்பது. இன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்கள் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தள்ளு தள்ளிவிட்டால் அது பாட்டுக்கு ஆடும். ஒருவர் சங்கிலியைப் பிடித்தால் நிற்கும். காரில் ஸ்பிரிங்தான் ஊஞ்சல். ஷாக் அப்சார்பர்தான் பிடிக்கிற கை. உள்ளே எண்ணெய், அதில் மேலும் கீழும் போகிற ஒரு பிஸ்டன், அதன் சிறு துளை வழியாக எண்ணெய் பிதுங்கிப் போகும், அவ்வளவுதான். எண்ணெய் கசிந்துவிட்டால் பிடிக்க ஆளில்லை. பள்ளத்தில் இறங்கிய கார் ஆடிக்கொண்டே போகும். ஆடுகிறபோது டயர் தரையில் அழுந்துவதில்லை. அந்த நேரத்தில் பிரேக் மிதித்தால் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. ஷாக் அப்சார்பர் சொகுசுக்காக என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். பிரேக்குக்கும் அதுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. ஒரே நாளில் கெட்டால் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகப் போவதால் உடம்பு பழகிவிடுகிறது. வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒரு நாள் எடுத்துக்கொண்டு போவார். "என்ன மாமா, படகு மாதிரி ஆடுது?" என்பார். அவர் சொல்வதை நம்புங்கள். சந்தேகம் இருந்தால் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் மட்கார்டு பக்கம் உடம்பின் எடையைக் கொடுத்து நன்றாக அமுக்கிக் கையை எடுங்கள். ஒரு தரம் எழும்பி அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று தரம் மேலும் கீழும் போனால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. நாலு மூலையிலும் இப்படிப் பாருங்கள். அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தட்டுப்பட்டால் அதுவும் இதே கதைதான்.

சத்தம் வருவது தனி விஷயம். மெதுவாக வளைக்கும்போதோ வேகத்தடையில் ஏறும்போதோ 'கடக் கடக்' என்றால் முதலில் பால் ஜாயிண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கிண்ணத்துக்குள் திரும்புகிற சின்ன குண்டு அது, அதன் மேல் ஒரு ரப்பர் உறை. உறை கிழிந்தால் நம் செம்மண் புழுதியும் மழைத் தண்ணீரும் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்க்கும். தேய்ந்து தேய்ந்து குண்டு கிண்ணத்தைவிட்டுக் கழன்றால் முன் சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், ஸ்டியரிங் கையில் நிற்காது. ஷாக் அப்சார்பரை அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னால், மெதுவாக ஓட்டுங்கள் என்று அனுப்பிவைப்பேன். பால் ஜாயிண்டில் ஆட்டம் இருந்தால் சாவியைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இங்கே ஒரு வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2009-ல் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஆச்சி ஆள் அனுப்பினார். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாகக் கிடக்கிற பெரிய வீடு. பின்கட்டுக் கொட்டகையில் 1989 மாடல் அம்பாசிடர், வெள்ளை நிறம். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்த பங்காளி வீட்டுப் பிள்ளைகள் ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார்கள். ஆச்சிக்கு மனசு ஒப்பவில்லை.

வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். அம்பாசிடரின் பின் ஸ்பிரிங் இரும்புப் பட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. இடது பக்கம் அதில் இரண்டு பட்டை வெடித்திருந்தது. பட்டையின் காதில் இருக்கிற ரப்பர் புஷ்ஷைத் தொட்டால் கருப்புப் பொடியாக விரலில் ஒட்டியது. முன்பக்கம் கிரீஸ் நிப்பிள், அதாவது கிரீஸ் ஏற்றுகிற சின்ன வாய், ஒவ்வொன்றும் மண் அடைத்துக் கல்லாகிக் கிடந்தது. கிரீஸ் துப்பாக்கி பட்டு எத்தனை வருடமோ! அம்பாசிடருக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடித்தால் போதும், முன்பக்கம் லேசில் தேயாது. ஓட்டுநர் வைத்திருந்த காலத்தில் மாதம் பிறந்தால் கிரீஸ் அடிப்பார்கள். ஓட்டுநர் போனார், அந்தப் பழக்கமும் போனது. இன்றைய கார்களில் பெரும்பாலும் நிப்பிளே கிடையாது. மூடி வைத்த ஜாயிண்ட், தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான். நிப்பிள் இருக்கிற வண்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிரீஸ் அடியுங்கள்.

ஆச்சி கதைக்கு வருகிறேன். தேய்ந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, துரு தின்றிருக்கிறதா என்று சின்னச் சுத்தியலால் பாடியைத் தட்ட ஆரம்பித்தேன். பட்டையைத் தாங்குகிற இடம், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இடம், கதவுப் படிக்குக் கீழே. எல்லா இடத்திலும் 'டங் டங்' என்று உறுதியான சத்தம். ஆச்சி பக்கத்தில் குனிந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, எங்க ஆசாரி உத்தரத்தைத் தட்டிப் பாக்கிற மாதிரியே தட்டுறீங்களே" என்றார். அதேதான் ஆச்சி, உத்தரம் நன்றாக இருக்கிறது, ஓடுதான் போயிருக்கிறது என்றேன். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. மழைக்கு முன்னால் ஓடு மாற்றுவது அந்த வீட்டில் வருடா வருடம் நடக்கிற வேலை.

ஸ்பிரிங்கைக் கழற்றி, லாரிக்குப் பட்டை கட்டுகிற பட்டறையில் கொடுத்து, வெடித்ததை மாற்றி, மற்றதற்கு வளைவு ஏற்றி வாங்கினேன். புஷ் எல்லாம் புதிது. நாலு நாள் வேலை. ஐந்தாம் நாள் ஆச்சி பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பினார், நான்தான் ஓட்டினேன். அபிஷேகத்துக்குப் பால் தூக்குவாளியில் மடி மேல் இருந்தது. சேலையில் சிந்துமே என்று கீழே ஒரு துண்டை விரித்து வைத்திருந்தார். கோயில் வாசலில் இறங்கும்போது அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தார். நனையவே இல்லை. அந்த வண்டி இன்னும் ஓடுகிறது. மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனதால் உதிரி பாகத்துக்குத் தேடி அலைய வேண்டியிருக்கிறது, அலைகிறேன்.

எல்லா வண்டிக்கும் இப்படிச் சொல்ல முடியாது. தொண்டிப் பக்கம் கடற்கரை ஊரிலேயே ஓடிய சின்ன கார் ஒன்றை ஒரு பையன் கொண்டுவந்தான். அப்பா வாங்கிய வண்டி, அவர் இப்போது இல்லை. எவ்வளவு ஆனாலும் செய்யுங்கள் என்றான். பானெட்டைத் தூக்கினேன். முன் ஷாக் அப்சார்பர் மேலே வந்து மாட்டுகிற இடத்தில் பெயிண்ட் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது. உப்புக் காற்று தின்ற தகடு. அதில் புது ஷாக் அப்சார்பரை மாட்டினால் ஒரு பெரிய பள்ளத்தில் தகட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். ஒட்டுப் போட்டு வெல்டு வைக்க ஆள் கிடைப்பார்கள், நான் செய்வதில்லை. வேண்டாம் தம்பி என்று சொல்லி, இன்ஜினையும் மற்றதையும் தனித்தனியாக விற்க வழி பண்ணிக்கொடுத்தேன். அவன் போகும்போது ஸ்டியரிங்கில் கட்டியிருந்த கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. உதிரி பாகம் வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அதற்கு நேரமில்லை, முக்கியமானதை மட்டும் வேகமாகச் சொல்கிறேன். 15 வருடம் முடியப் போகிற வண்டி என்றால் ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்கிற செலவையும் இதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. புதுப்பித்தால் 5 வருடம் ஓட்டலாம். ஷாக் அப்சார்பரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், இடமும் வலமும் ஜோடியாக மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். வேலை முடிந்ததும் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பார்த்துவிட்டுத்தான் மதுரைக்கோ திருச்சிக்கோ கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் புது டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்துவிடும். வணக்கம்.