காபி மலையில காபி இல்லையாம்!
வணக்கம் மக்களே! இன்னைக்குச் செம கடுப்புல இருக்கேன். டிகாக்‌ஷன் இல்லைன்னா நான் தொட மாட்டேன், அது உங்களுக்கே தெரியும். இப்ப நிக்கிறது ஏற்காட்டுல. திரும்பின பக்கமெல்லாம் காபித் தோட்டம். ஏரிக்கிட்ட ஒரு கடையில காபி கேட்டா, பாக்கெட்டைக் கிழிச்சு, சுடுதண்ணியில கொட்டி, 50 ரூபாங்கறாங்க! காசு போனாப் போகுது, பாக்கெட்டா? ஜன்னல் வழியா கையை நீட்டினா காபிச் செடிங்க! "ஃபில்டர் இல்லீங்களாண்ணா?"ன்னு கேட்டா, "இருக்கிற கூட்டத்துக்குக் கட்டுப்படி ஆகாது கண்ணு"ங்கறாரு. கூட்டமா? கடையில நானும் ஒரு நாயும்தான்!

1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர். அப்ப இருந்து விளையுது, நமக்கு மட்டும் பாக்கெட்டு.

ஆங், வந்த வழியைச் சொல்லவே இல்ல. அடிவாரத்துல இருந்து 20 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலை வீடியோவுல 70 வளைவுல என்னைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. வழியெல்லாம் நிழலுக்கு சில்வர் ஓக், அந்த மரத்துலயே மிளகுக்கொடி. காபி விலை படுத்தாலும் மிளகு காப்பாத்தும், கெட்டிக்காரங்க.

அப்புறம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தேடினேன், கிடைச்சிருச்சு! கொட்டையை வறுத்துக் கண்ணு முன்னாடியே அரைச்சுத் தர்ற கடை. "சிக்கரி எவ்வளவு போடட்டும்?"னாங்க. ஒரு பொட்டு கூட வேணாம்னுட்டேன். கால் கிலோ. பை மணக்குது, இங்க பாருங்க... கேமராவுக்கு எங்க மணக்கப் போகுது!

முக்கியமானதை விட்டுட்டேனே. ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குப் போனேன். 1863ல பல்லாவரத்துல கற்கோடாரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ரிட்டயராகி இந்த ஊர்லதான் குடியிருந்தார். 1912ல காலமானார், நினைவுக்கல் இந்தச் சர்ச்சுலதான் இருக்கு. நம்ம ஊர்ல ஆதிமனுஷன் இருந்ததுக்கு மொத சாட்சியைத் தேடி எடுத்த மனுஷன்! அங்க ஒரு ஈ காக்கா இல்ல. எல்லாரும் போட் ஹவுஸ் வரிசையில நிக்கறாங்க.

நான் போட்ல ஏறலைங்க. கமெண்ட்ல கேக்காதீங்க. என் காலால நானே மிதிக்கறதுக்கு நான் எதுக்குங்க காசு குடுக்கணும்?