மீன்பிடி ராடோட சின்ன கைடுக்கு நூல் சுத்தி எபாக்சி பூசுறது எப்படி?

[காட்சி: மேசை விளக்கு வெளிச்சத்தில் ராடின் நுனி. சுண்டுவிரல் நகத்துக்குப் பக்கத்தில் ஒரு கைடு.]

வணக்கம். மீன்பிடி ராட்ல லைன், அதாவது தூண்டில் நரம்பு, நுழைஞ்சு போற வளையம்தான் கைடு. இதைப் பாருங்க. சைஸ் 4. வளையத்தோட வெளி விட்டமே சுமார் 4 மில்லிமீட்டர்தான். லைன் போற ஓட்டை அதைவிடச் சின்னது.

நுனிப் பக்கம் இவ்வளவு பொடிசா கைடு போடுறதுக்குக் காரணம் எடை. நுனியில கனம் குறைஞ்சா, வீசி முடிச்சதும் ராட் ஆடிக்கிட்டே இருக்காம சட்டுனு நிக்கும். மீன் லேசா தொட்டாலும் கைக்குத் தெரியும். நூல் மேல பூசுற எபாக்சி பிசினை அள்ளிப் பூசினா அந்த லாபம் அத்தனையும் போச்சு. அதனால இன்னைக்கு எந்த இடத்துல எவ்வளவு கம்மியா போதும்னுதான் பார்க்கப் போறோம்.

[காட்சி: கைடின் கால், பக்கத்தில் நைசான அரம்.]

முதல்ல கைடோட கால், அதாவது ராட் மேல படுக்குற பட்டைப் பகுதி. நிறைய கைடுல கால் நுனி மொட்டையா, ஒரு படி மாதிரி நிக்கும். நூல் பிளாங்க்ல, அதாவது ராடோட வெறும் தண்டுல இருந்து, கால் மேல ஏறும்போது அந்தப் படியில இடைவெளி விழுந்துடும். மேல்பக்கத்தை அரத்தால சரிவா தேய்ச்சு விடுங்க. அப்புறம் அடிப்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்க. பிசிறு தட்டுப்பட்டா 400 நம்பர் உப்புத்தாள்ல ரெண்டு தேய்ப்பு. அந்தப் பிசிறு பிளாங்க்கைக் கீறிடும். கார்பன் பிளாங்க்ல கீறல் விழுந்த இடம்தான், பெரிய மீன் இழுக்கும்போது ஒடியுற இடம். தயவுசெஞ்சு இதை மட்டும் விட்டுடாதீங்க.

கைடை மாஸ்கிங் டேப்பால ஒட்டி, பிடிப் பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்து, எல்லா வளையத்தையும் ஒரே கோட்டுக்குக் கொண்டு வாங்க.

[காட்சி: நூல், டம்ளர், தடிமனான புத்தகம்.]

நூல் சைஸ் A நைலான். D கனமான நூல், பெரிய கடல் ராடுக்குத்தான் சரி, இங்கே வேண்டாம். நூல்கண்டை டம்ளர்ல போட்டு, நூலைப் புத்தகப் பக்கங்களுக்கு நடுவுல விட்டு எடுங்க. அந்த இழுவை போதும். சுத்தி முடிச்ச பிறகும் கைடைக் கட்டைவிரலால கொஞ்சம் நகர்த்தி நேராக்க முடியணும். அசையவே இல்லைன்னா ரொம்ப இறுக்கிட்டீங்க.

[காட்சி: மிக நெருக்கத்தில், நூல் சுற்று.]

கால் நுனிக்கு 3 மில்லிமீட்டர் முன்னாடி ஆரம்பிங்க. நூல் நுனியைப் பிளாங்க் மேல படுக்க வச்சு, அது மேலயே 5, 6 சுத்து. மிச்ச வாலை பிளேடால வெட்டிடுங்க. இனி நூலைச் சுத்தாதீங்க, ராடை உருட்டுங்க. முடிய 8 சுத்து இருக்கும்போது, தனியா ஒரு துண்டு நூலை மடிச்சுக் கண்ணியா வச்சு, அது மேலயே சுத்திக்கிட்டுப் போங்க.

ஒத்தைக் கால் கைடு, மீன் இழுக்குற இழுப்புல நூலுக்கு அடியில இருந்து முன்னாடி உருவிக்கிட்டு வர வாய்ப்பு இருக்கு. அதனால கடைசிச் சுத்து ஒண்ணை வளையத்துக்கு முன்பக்கமா எடுத்துத் திருப்பிக் கொண்டு வாங்க. அதுதான் பூட்டு. நூலை வெட்டி, கண்ணிக்குள்ள கோத்து, கண்ணியை இழுங்க. நுனி சுத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். பேனா மூடியால சுத்தை நீவி விட்டா இடைவெளி மூடிடும்.

நிறத்தைப் பத்தி ஒண்ணு. சாதாரண நைலான் நூல் எபாக்சியைக் குடிச்சதும் கண்ணாடி மாதிரி ஆகிடும். என்னோட முதல் ராட்ல பளிச்சுனு ஆரஞ்சு நூல் சுத்தினேன். கறுப்பு பிளாங்க் மேல பழுப்பாப் போச்சு. நிறம் அப்படியே நிக்கணும்னா எபாக்சிக்கு முன்னாடி கலர் ப்ரிசர்வர்னு நிறம் காக்குற பூச்சைப் பூசுங்க, இல்லை அந்தப் பூச்சே தேவைப்படாத என்சிபி நூல் வாங்குங்க.

[காட்சி: இரண்டு சிரிஞ்சு, அலுமினியம் ஃபாயில், மெல்லிய பிரஷ்.]

இப்போ எபாக்சி. லைட் பில்டுன்னு மெல்லிசா படியுற வகை எடுங்க. ரெசினும் ஹார்டனரும் சரிபாதி. 6 கைடுக்கு 1 மில்லிகூடச் செலவாகாது. ஆனாலும் 3 மில்லி, 3 மில்லின்னு கலங்க. 1 மில்லி எடுக்கும்போது 0.1 பிசகினா அது 10 சதவீதத் தவறு, எபாக்சி பிசுபிசுன்னே கிடக்கும். 3 மில்லியில அதே பிசகு 3 சதவீதம்தான். மிச்சத்தைக் கொட்ட மனசு வராது, தெரியும். ஆனா கெட்டுப்போன சுத்தை உரிச்சு எடுக்குற வேலைக்கு இது எவ்வளவோ மேல். சிரிஞ்சுக்குள்ள தள்ளுற தண்டுல ரப்பர் முனை இருந்தா தவிர்த்துடுங்க. அதுல தடவியிருக்குற சிலிக்கான் பட்டா, எபாக்சி குழி குழியா விலகி நிக்கும்.

மெதுவா 3 நிமிஷம் கலக்கி, ஃபாயில்ல ஊத்திப் பரப்புங்க. குமிழியும் மேல வந்து உடையும், சூடும் பரவிடுறதால சீக்கிரம் இறுகாது.

[காட்சி: பிரஷ் நுனி, காலின் ஓரம்.]

கொஞ்சம் நெருங்கிப் பாருங்க. காலுக்கு ரெண்டு பக்கமும், நூலுக்கு அடியில குட்டிச் சுரங்கம் மாதிரி ஒரு வழி இருக்கு. பிரஷ்ல ஒரு சொட்டு எடுத்து அந்த வாயில தொடுங்க. தானாவே உள்ளே இழுத்துக்கும். அது திறந்து கிடந்தா உப்புத் தண்ணி புகுந்து காலைத் துருப்பிடிக்க வச்சிடும். சுத்து நனைஞ்சதும் நிறுத்துங்க. வளையத்துப் பக்கம் பிரஷ் போகவே கூடாது.

மோட்டார் இருந்தா மெதுவா சுழல விடுங்க. இல்லைன்னா முதல் கொஞ்ச நேரம் 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை அரைச்சுத்து திருப்புங்க, அப்புறம் இடைவெளியைக் கூட்டலாம். எபாக்சி ஓடுறது நிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும். கடலோர ஊர்ல மழை நாள்ல இந்த வேலை வேண்டாம். ஈரக்காத்துல மேல்பூச்சு மங்கிப்போகும்.

மறுநாள் நூலோட வரி இன்னும் கைக்குத் தட்டுப்பட்டா, அதே அளவு மெல்லிசா இன்னொரு கோட். காஞ்சிடுச்சான்னு பார்க்க ராடைத் தொடாதீங்க. ஃபாயில்ல மிச்சம் இருக்கே, அதை நகத்தால அழுத்திப் பாருங்க. தடம் விழலைன்னா லைனைக் கோக்கலாம்.