கம்பித் துண்டும் 388-ஆம் நிலையமும்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு பீன்யாவில் பவர் சப்ளை கருவிகள் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் சோதனைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். நிரல் எழுதி இயக்கக்கூடிய, ஸ்பெக்ட்ரமும் காட்டக்கூடிய ஒரு டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்பைத் தேடி நாங்கள் அலைந்த கதையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

மின்னழுத்தம் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டுவது ஆசிலாஸ்கோப். அந்தக் கோட்டில் எந்தெந்த அலைவெண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்வது ஸ்பெக்ட்ரம். சாம்பாரை ஒரு வாய் சுவைத்துவிட்டு, பெருங்காயம் கூடிவிட்டது என்று என் அம்மா சொல்வாரே, ஏறக்குறைய அந்த வேலை. கருவிக்குள் இதைச் செய்வது எஃப்எஃப்டி என்னும் கணக்கு. கூலியும் டூக்கியும் 1965-இல் வெளியிட்ட விரைவு முறை.

எங்களுக்கு இது ஏன் வேண்டும்? எங்கள் பவர் சப்ளை நொடிக்கு 65 ஆயிரம் முறை அணைந்து எரிகிறது. அந்த 65 கிலோஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் இரைச்சல் எழும். இரண்டாம் மடங்கு 130 கிலோஹெர்ட்ஸ். மின்கம்பி வழியே கசியும் இரைச்சலுக்கான வரம்புகள் பெரும்பாலும் 150-இல்தான் தொடங்குகின்றன. அதனால் 130 தப்பித்துவிடும்; மூன்றாவதான 195 மாட்டிக்கொள்ளும். பலரும் 65-ஐத் தேர்ந்தெடுப்பதன் சூட்சுமம் இதுதான்.

விற்பனைப் பிரதிநிதி இரண்டு கருவிகளை மேசையில் வைத்தார். கருவியின் முகப்பிலேயே இருக்கும் சதுர அலையை இணைத்துக் காட்டினார். அந்த அலையை ஒழுங்காகக் காட்டாத ஸ்கோப்பை நான் இதுவரை பார்த்ததில்லை. எனவே அதில் அறிய ஒன்றுமில்லை. நான் மூன்று மீட்டர் கம்பியை எடுத்து முதல் கருவியின் உள்ளீட்டில் செருகி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். ஸ்பெக்ட்ரத்தில் ஊசி போல ஒன்று எழுந்தது: 612 கிலோஹெர்ட்ஸ். பெங்களூரு வானொலியின் மத்திய அலை!

அடுத்து, நேர அளவைத் திரையின் ஒரு கட்டத்துக்கு 100 மில்லி நொடியாக்கினேன். பத்துக் கட்டம், ஒரு நொடி. அதன் நினைவகமோ பத்து லட்சம் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளியும் அலையை ஒருமுறை அளந்த ஒரு மாதிரி. ஆகவே நொடிக்குப் பத்து லட்சம் மாதிரிக்கு மேல் எடுக்க அதற்கு வழியில்லை. ஊசி நகர்ந்து 388-இல் போய் நின்றது.

தருமபுரிக்காரரான என் உதவியாளர் குனிந்து பார்த்தார். “அண்ணா, 388-இல் எந்த நிலையம் இருக்கிறது?”

எந்த நிலையமும் இல்லை. மாதிரி எடுக்கும் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அலைவெண் மடிந்து கீழே விழும். ஆயிரத்தில் 612 போனால் 388. நேர அளவை 50-க்குக் குறைத்ததும் ஊசி மீண்டும் 612-க்குத் திரும்பியது. குமிழைத் திருகினால் இடம் மாறும் ஊசியை நம்பக் கூடாது. இரண்டாவது கருவி மாதிரி வேகத்தைத் திரையின் மூலையிலேயே காட்டியது; ஸ்பெக்ட்ரத்துக்கென்று தனி அமைப்பும் வைத்திருந்தது. மேலும் அது 12 பிட் கருவி. முதலாவது 8 பிட், அதாவது 256 படிகள். அது காட்டக்கூடிய பெரிய அலைக்கும் சிறிய அலைக்கும் உள்ள இடைவெளி ஏட்டளவில் சுமார் 50 டெசிபெல். பெரிய அலைக்கு அருகில் சின்ன இரைச்சலைத் தேடும் எங்களுக்கு அது போதாது.

அடுத்தது நிரல். லேன் கேபிளைச் செருகிக் கணினியிலிருந்து “நீ யார்?” என்று கேட்டால், தயாரிப்பாளர், மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு என்று நான்கையும் கமா போட்டுச் சொல்லும். அளவிடும் கருவிகளைக் கணினியிலிருந்து இயக்க 1990-இல் வந்த எஸ்சிபிஐ கட்டளை மரபு இன்றும் இப்படித்தான். எல்லாக் கருவியும் இதைச் சொல்லிவிடும். நான் கேட்டது வேறு: உன் நினைவகத்தில் உள்ள பத்து லட்சம் புள்ளிகளையும் கொடு. முதல் கருவி திரையில் தெரிந்த சில ஆயிரம் புள்ளிகளை மட்டும், அதுவும் தசம எண்களாக எழுதி அனுப்பியது. இரண்டாவது முழுவதையும் பைட்டுகளாகவே கொட்டியது. மூலப் புள்ளிகள் கையில் இருந்தால் ஸ்பெக்ட்ரத்தை நானே கணக்கிட்டுக்கொள்வேன். திரையிலிருக்கும் அழகு எனக்குத் தேவையில்லை.

இதில் நானும் ஒரு தவறு செய்தேன். இரவெல்லாம் ஓடவிட்ட நிரல் காலையில் 400 பதிவுகள் வைத்திருந்தது. பெருமையோடு திறந்து பார்த்தால், அடுத்தடுத்த பதிவுகள் அச்சடித்தது போல் ஒன்றாகவே இருந்தன. அலையைப் பிடித்து முடிக்கும் முன்பே நான் கேட்டிருக்கிறேன். அதுவும் பழையதையே எடுத்துத் தந்திருக்கிறது. “முடிந்ததா?” என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்த பிறகு பதிவுகள் வேறுவேறாக வந்தன.

இரண்டாவதையே வாங்கினோம். மின்விசிறிச் சத்தம் சற்று அதிகம். ஜன்னலில் அந்தக் கம்பி இன்னும் தொங்குகிறது.