கை வைப்பதற்கு முன்

(ஸ்டோரேஜ் சப்போர்ட் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிப்பவர்களிடையே சேலத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டிலிருந்து காலையிலேயே இறங்கி வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக இங்கே வந்திருப்பவர்களுக்கும் தனியாக ஒரு வணக்கம்.

முதலில் தேர்வைப் பற்றி ஒரு விஷயம். டம்ப், அதாவது ஏற்கெனவே கேட்ட கேள்வி-விடைத் தொகுப்பு, படித்துப் பாஸ் பண்ணலாம், நிறையப் பேர் பண்ணுகிறார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. ஏன் என்று சொல்கிறேன். பழுது பார்ப்பது பற்றிய கேள்விகளைக் கவனியுங்கள். ஸ்டோரேஜை இயக்கும் கன்ட்ரோலரை ரீபூட் செய், டிஸ்கை மாற்று, கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பி, நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் எடு. நான்குமே என்றைக்காவது செய்ய வேண்டிய வேலைகள்தான். எதை முதலில் செய்வாய் என்பதுதான் கேள்வி. அந்த வரிசை மனதில் பதியாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் கையில் ஒரு நிறுவனத்தின் பத்து வருடக் கணக்கை எப்படி ஒப்படைப்பது?

வரிசை எளிமையானது. எதையும் மாற்றாத வேலை முதலில். மாற்றினாலும் பழையபடி கொண்டுவரக்கூடியது அடுத்து. திரும்ப வராதது கடைசியில், அதுவும் பேக்கப் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு. நான் இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இது எங்கெங்கே உயிரைக் காக்கிறது என்பதற்கான விளக்கம்.

சேலத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சென்னையில் ஒரு கன்ட்ரோலர் வேண்டுமென்றால் சில மணி நேரத்தில் வந்துவிடும். நமக்குப் பெரும்பாலும் பெங்களூரிலிருந்து 200 கிலோமீட்டர் தாண்டி, தொப்பூர் கணவாய் இறங்கி வர வேண்டும். நீங்கள் தவறான பாகத்தைக் கேட்டால் அந்த இரவு முழுக்கப் போச்சு. அதனால் போனை எடுத்த முதல் பத்து நிமிடத்தில் என்ன கேட்கிறீர்கள் என்பதில் பாதி வேலை இருக்கிறது.

ஒரு மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ரோடு பக்கம். அங்கிருந்து போன்: "சார், ஸ்கேன் படம் எதுவும் திறக்க மாட்டேங்குது, ஸ்டோரேஜ் போயிடுச்சு." ஸ்டோரேஜ் போயிடுச்சு என்பது அவருடைய கவலை. அதை நோய்க்குறியாக எடுத்துக்கொள்ளுங்கள், நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா சர்வரிலுமா, ஒன்றில் மட்டுமா? எத்தனை மணியிலிருந்து? திறக்கவே இல்லையா, திறக்க நேரமாகிறதா? கடைசியாக, நேற்று யாராவது எதையாவது மாற்றினார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு "ஒண்ணும் மாத்தலீங்க" என்றுதான் பதில் வரும். வாதாடாதீர்கள், அவருக்குத் தெரியாமலேகூட நடந்திருக்கும். ஈவென்ட் லாக்கைப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்று: பல ஸ்டோரேஜ் கருவிகளில் லாக் யூ.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை 10 மணிக்கு நின்றது என்று அவர் சொன்னால் நீங்கள் 4.30-ஐத் தேட வேண்டும். 10 மணி வரியைப் பார்த்துவிட்டு "லாக்கில் ஒன்றுமில்லை" என்று கேஸை மூடுகிறார்களே, அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சரி, அந்த மருத்துவமனைக்கு வருவோம். ஸ்டோரேஜில் எல்லா விளக்கும் பச்சை. சர்வரிலிருந்து பிங் என்ற சோதனைப் பாக்கெட் போகிறது. நெட்வொர்க் வழியே ஸ்டோரேஜை இணைக்கும் ஐ-ஸ்கசி லாகின் ஆகிறது, ஸ்டோரேஜ் ஒதுக்கிய பகுதியான லன் தெரிகிறது. ஆனால் படத்தைத் திறந்தால் அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில்தான் கை துறுதுறுக்கும், கன்ட்ரோலரை ரீபூட் பண்ணலாமா என்று. பண்ணாதீர்கள். சின்னது எல்லாம் போகிறது, பெரியது மட்டும் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்டோரேஜிலும் சர்வரிலும் பெரிய பாக்கெட் அனுப்ப ஜம்போ ஃபிரேம் போட்டு, பாக்கெட்டின் உச்ச அளவான எம்.டி.யூ.வை 9000 பைட் வைத்திருப்பார்கள். நடுவில் இருந்த சுவிட்ச் பழுதாகி, முந்தின நாள் யாரோ புதியதை மாட்டியிருப்பார்கள். புதியது 1500-ல் நிற்கும். சாதாரண பிங் சிறிய பாக்கெட், அதனால் தாண்டிவிடும். லாகினும் அப்படித்தான். படத்தின் பெரிய ஃபிரேம்களை சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

சோதிப்பது சுலபம். பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 8972 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். ஏன் 8972? 9000-த்தில் ஐ.பி. தலைப்புக்கு 20, பிங் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி. தலைப்புக்கு 8 போக மீதி. இது போகவில்லை, 1500-க்கு அதே கணக்கில் வரும் 1472 போகிறது என்றால் பழுது வழியில் இருக்கிறது, ஸ்டோரேஜில் இல்லை. இதுவரை எதையும் மாற்றவில்லை பாருங்கள். ஒரு டிஸ்கைத் தொடவில்லை, பெங்களூரிலிருந்து ஒரு பாகம் வரவழைக்கவில்லை. சுவிட்சில் ஒரு எண்ணை மாற்றினால் முடிந்தது.

டிஸ்க் விஷயம் இவ்வளவு இதமானது இல்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, டிஸ்க் கெட்டாலும் தரவைக் காக்கும் ரெய்டு முறையை முன்வைத்து டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் பெர்க்லியில் கட்டுரை எழுதியது 1988-ல். அன்றைக்கு டிஸ்க்குகள் மெகாபைட் கணக்கில் இருந்தன. இன்றைக்கு ஒரே ஒரு டிஸ்க் இழப்பைத் தாங்கும் ரெய்டு 5-ல் எட்டு டிஸ்க், ஒவ்வொன்றும் 16 டெராபைட் என்று வையுங்கள். ஒன்று போய்விட்டது. புதிய டிஸ்கை நிரப்ப மீதி ஏழையும் முழுக்கப் படிக்க வேண்டும், 112 டெராபைட். நொடிக்கு 200 மெகாபைட் என்று தடையே இல்லாமல் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும். வேலை நேரத்தில் இன்னும் இழுக்கும். இந்த ரக டிஸ்க்குக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் குறிப்பிடும் வரம்பு, ஆயிரம் லட்சம் கோடி பிட் படித்தால் படிக்க முடியாத பிழை ஒன்று. அது 125 டெராபைட். 112-ஐயும் 125-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய டிஸ்க்குக்கு இரண்டு இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறோம் என்பது புரியும்.

ஆகவே ஒரு டிஸ்க் போன நேரத்தில் மீதி இருப்பவை மிகவும் நலிந்த நிலையில் இருக்கின்றன. அப்போது தவறான டிஸ்கைப் பிடுங்கினால் தொலைந்தது. மஞ்சள் விளக்கை மட்டும் நம்பாதீர்கள், இன்னொரு டிஸ்க் 'போகப் போகிறேன்' என்று எச்சரிக்கை கொடுத்து அதிலும் மஞ்சள் எரியலாம். மென்பொருளில் லொகேட் கொடுத்து விளக்கைச் சிமிட்டவிடுங்கள். ஸ்லாட் எண்ணைப் பாருங்கள். சீரியல் எண்ணைப் பக்கத்தில் நிற்பவர் சத்தமாகப் படிக்கட்டும். தயாராகக் காத்திருக்கும் உதிரி டிஸ்க்கான ஹாட் ஸ்பேர் ஏற்கெனவே ரீபில்ட், அதாவது இழந்த தரவை நிரப்பும் வேலை, தொடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது டிஸ்க்கும் விழுந்து ரெய்டு 5 ஆஃப்லைன் ஆகிவிட்டால்? பயம் வரும், அது இயல்பு. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் இனிஷியலைஸ் பொத்தான் பக்கம் போகாதீர்கள். விழுந்த டிஸ்கை வலுக்கட்டாயமாகச் சேர்க்கும் 'ஃபோர்ஸ் ஆன்லைன்' கொடுப்பதற்கு முன் எந்த டிஸ்க் முதலில் விழுந்தது என்று லாக்கில் தேடுங்கள். முதலில் விழுந்ததில் இருப்பது பழைய தரவு. அதற்குப் பிறகு மற்றவற்றில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதலில் விழுந்ததைத் திரும்பச் சேர்த்தால் அரே, அதாவது டிஸ்க் தொகுப்பு, எழுந்துவிடும், உள்ளே கோப்புகள் குழம்பிப் போயிருக்கும். கடைசியாக விழுந்ததுதான் சேர்க்கத் தகுந்தது. அதையும் தயாரிப்பாளரின் சப்போர்ட்டைத் தொடர்பில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஸ்லோ என்ற புகாருக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். திடீரென்று எழுதுவது மட்டும் மந்தமானால் எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கேஷ் நினைவகத்தின் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி பலவீனமானால் பல கன்ட்ரோலர்கள் பாதுகாப்புக்காக ரைட்-த்ரூவுக்கு, அதாவது நேராக டிஸ்கில் எழுதும் முறைக்கு, மாறிவிடும். பேட்டரி சூட்டில் சீக்கிரம் தேயும். சித்திரை வெயிலில் ஏ.சி. ஓடாத சர்வர் அறையை நம் ஊரில் பார்த்திருப்பீர்கள்.

ரீபூட்டைப் பற்றிக் கேட்பீர்கள், எனக்குத் தெரியும். ரீபூட் ஒரு சிகிச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் லாக் முழுவதையும் எடுத்து வெளியே வேறு இடத்தில் வைத்துவிடுங்கள். நினைவகத்தில் மட்டும் இருந்த தடயம் ரீபூட்டில் அழிந்துவிடும். அடுத்த வாரம் அதே பழுது வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

அப்புறம் மல்டிபாத், அதாவது சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் இடையே ஒன்றுக்கு மேற்பட்ட பாதை. இரண்டு ஃபைபர் போட்டிருக்கிறோம், ஒன்று போனாலும் ஓடும் என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரு பாதை என்றைக்கோ செத்துப்போய், யாரும் கவனிக்காமல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கும். பாதைகளின் நிலையைக் காட்டும் கட்டளையை மாதம் ஒருமுறையாவது ஓட்டிப் பாருங்கள். அதில் ஃபால்ட்டி என்று வந்தால் கேபிளின் எல்.சி. முனையைத் துடைத்துப் பாருங்கள், தரவு வழியில் சிதைந்ததைக் காட்டும் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை மறுபடி ஏறுகிறதா பாருங்கள், அதன் பிறகு ஃபைபர் செருகும் சிறிய மாட்யூலான எஸ்.எஃப்.பி.யை மாற்றுங்கள். மதியம் லேபில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஃபைபரை நீங்களே பிடுங்கிப் பார்க்கப் போகிறீர்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு வந்துவிடுங்கள்.